66ஏ செத்துப்போய் பல வருஷமாச்சு, மிரட்டல் மெயிலுக்கு வேற வழி இருக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ் கேள்வி பதில் பகுதியில, தினமும் மிரட்டி மெயில் வருது என்ன பண்றதுன்னு ஒரு சகோதரி கேட்டிருந்தாங்க. தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) சட்டம் 66ஏ பிரிவுல புகார் கொடுங்க, மெயில எல்லாம் டெலீட் பண்ணிட்டு ஆள பிளாக் பண்ணிருங்கன்னு பதில் வந்திருந்துச்சு. ரெண்டுமே தப்புங்க. நான் திருநெல்வேலியில ஒரு வக்கீல்கிட்ட குமாஸ்தாவா இருக்கேன், இந்தப் பிரச்சனையோட எங்க ஆபீஸ் படி ஏறுறவங்கள அடிக்கடி பாக்குறதால இத எழுதாம இருக்க முடியல.

66ஏ-வ சுப்ரீம் கோர்ட் 2015 மார்ச் 24-ஆம் தேதியே ரத்து பண்ணிடுச்சு. எரிச்சல் உண்டாக்குற மெசேஜ்னாலே கேஸ்ங்கிற அளவுக்கு அது பொத்தாம்பொதுவா இருந்துச்சு, புதுச்சேரியில ஒருத்தர ஒரு ட்வீட்டுக்காக 2012-ல கைது பண்ணதே அந்தப் பிரிவுலதான், அதனால அது போனது நல்லதுன்னுதான் நான் சொல்வேன். ஆனா அதுக்காக மெயில்ல மிரட்டுறவன ஒண்ணும் செய்ய முடியாதுன்னு நினைச்சுடக் கூடாது.

2024 ஜூலை 1-லேர்ந்து ஐ.பி.சி.ங்கிற பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துருச்சு. அதுல 351-வது பிரிவுதான் மிரட்டலுக்கு. சாதாரண மிரட்டல்னா 2 வருஷம் வரைக்கும், கொன்னுடுவேன் கைய கால எடுத்துடுவேன்னா 7 வருஷம் வரைக்கும் ஜெயில். பொய்ப் பேர்ல மெயில் ஐடி ஓப்பன் பண்ணி, யாருன்னு தெரியாம மறைஞ்சுகிட்டு மிரட்டுனா அதுக்குத் தனியா இன்னும் 2 வருஷம் வரைக்கும் சேரும், இது நிறைய பேருக்குத் தெரியாது. காசு கேட்டு மிரட்டுனா 308. ஆபாசமா அனுப்புனா ஐ.டி. சட்டத்துல 67, 67ஏ ரெண்டும் இன்னும் உயிரோடதான் இருக்கு. அந்த 67-ல நாட்டுலயே முதல்ல தண்டனை வாங்கிக் கொடுத்தது நம்ம சென்னை போலீஸ்தான், ஒரு பெண்ண அசிங்கப்படுத்தி இன்டர்நெட்ல எழுதுனவனுக்கு 2004-ல எழும்பூர் கோர்ட் 2 வருஷம் கொடுத்துச்சு, புகார் கொடுத்த அதே வருஷம் தீர்ப்பும் வந்துச்சு.

பெண்களுக்கு நியாய சன்ஹிதாவோட 78-வது பிரிவு ரொம்ப முக்கியம். பின்தொடர்ந்து தொல்லை பண்றதுக்கான பிரிவு அது, விருப்பமில்லன்னு தெளிவா காட்டுன பிறகும் ஒரு ஆம்பள திரும்பத் திரும்ப தொடர்பு கொண்டா முதல் தடவைக்கே 3 வருஷம் வரைக்கும். அதனால ஒரே ஒரு தடவை "இனிமே எனக்கு மெயில் அனுப்பாதீங்க"ன்னு பதில் போட்டுட்டு அப்புறம் வாயே திறக்கக் கூடாது. நிச்சயம் நின்னுபோன ஒரு பொண்ணுக்கு மாப்பிள்ளையா வர இருந்தவன் மெயில் மேல மெயிலா போட்டான், பொண்ணோட அண்ணன் கோபத்துல தங்கச்சி ஐடியிலேர்ந்தே கெட்ட வார்த்தையில வெட்டிப்போடுவேன்னு எழுதிட்டாரு, அவன் அத பிரிண்ட் எடுத்துகிட்டு முந்திப் போய் ஸ்டேஷன்ல நின்னான். நியாயம் இவங்க பக்கம் இருந்தும் அலைஞ்சது இவங்கதான், பாக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு.

டெலீட் மட்டும் பண்ணவே கூடாது. எல்லாரும் போன்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, இல்ல வேற ஐடிக்கு ஃபார்வர்ட் பண்ணி பிரிண்ட் போட்டு கொண்டு வர்றாங்க. ஃபார்வர்ட் பண்ணா ஹெட்டர், அதாவது மெயில் எங்கேர்ந்து எந்த வழியா வந்துச்சுங்கிற விவரம், மாறிடும். கம்ப்யூட்டர்ல ஜிமெயில தெறந்து, அந்த மெயில் பக்கத்துல இருக்கிற மூணு புள்ளிய அழுத்துனா ஷோ ஒரிஜினல்னு வரும், அதுல இருந்து முழு ஃபைலையும் டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல வச்சுக்கணும். அனுப்புனவனோட ஐ.பி. முகவரி (எந்த இன்டர்நெட் இணைப்புலேர்ந்து வந்துச்சுன்னு காட்டுற நம்பர்) எல்லா மெயில் ஹெட்டர்லயும் இருக்காது, ஜிமெயில் வெப்ல இருந்து அனுப்புனா பெரும்பாலும் தெரியவே தெரியாது, போலீஸ்தான் அந்த மெயில் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு வாங்கணும். இன்டர்நெட் கம்பெனிங்க லாக்க, அதாவது யார் எப்ப பயன்படுத்துனாங்கங்கிற பதிவ, 180 நாள் வச்சிருக்கணும்னுதான் மத்திய அரசோட 2022 உத்தரவு சொல்லுது, அதனால பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னு ஆறு மாசம் தள்ளிப்போட்டா பிடிக்கிறதே கஷ்டமாயிடும். கோர்ட்ல மெயில சாட்சியமா வைக்க புது சாட்சிய சட்டம் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழும் வேணும், அத வக்கீல்கிட்ட ஆரம்பத்துலயே சொல்லி வச்சுக்கோங்க.

புகார மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷன்லயும் கொடுக்கலாம், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் போர்ட்டல்லயும் போடலாம். எங்க ஏரியா இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாது, எந்த ஸ்டேஷன் எல்லையா இருந்தாலும் வழக்குப் பதியுற ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடணும்னு புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துலயே இருக்கு. சில பிரிவுக்கு மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாம போலீஸ் விசாரிக்க முடியாதுங்கிறது நிஜம், அப்பவும் புகார வாங்கிட்டோம்னு கொடுக்குற சி.எஸ்.ஆர். ரசீது வாங்காம ஸ்டேஷன விட்டு வெளிய வராதீங்க. கேஸ் போட வேண்டிய குற்றமா இருந்தும் போட மறுத்தா எஸ்.பி.க்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பலாம், அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போகலாம். ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவன் பாலியல் ரீதியா மெயில் அனுப்புனா கம்பெனி உள் புகார் குழுகிட்ட 3 மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். வக்கீல் ஃபீஸுக்கு பயந்து யாரும் பேசாம இருக்க வேண்டாம், சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே இலவசமா வக்கீல் கொடுப்பாங்க, நம்பர் 15100.

அந்தச் சகோதரி உங்க பதில நம்பி மெயில அழிச்சிருந்தாங்கன்னா உடனே ட்ராஷ் ஃபோல்டர பாக்கச் சொல்லுங்க, ஜிமெயில்ல 30 நாள் வரைக்கும் அங்கதான் கிடக்கும். அடுத்த இதழ் வரைக்கும் காத்திருக்காம, அவங்க விலாசம் உங்ககிட்ட இருந்தா நேரடியாவே சொல்லிடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி