தோசை பன்மையாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ‘தோசையே அதிகாரப்பூர்வச் சொல்பட்டியலில் ஏறிவிட்டது, தமிழர்களுக்கு இதைவிடப் பெருமை என்ன?’ என்று அதில் ஒரு வரி. நான்கு நாளாக அந்த வரி என் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது. எழுதியவர் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால் அப்படி எழுதக் கை வந்திருக்காது.

போட்டிகளில் எந்தச் சொல் செல்லும் என்று சொல்லும் காலின்ஸ் பட்டியலில் ‘தோசா’ (dosa) தான் ஒருமை. அதற்குப் பன்மை இரண்டு. ஒன்று ‘தோசாஸ்’ (dosas), இன்னொன்று ‘தோசை’ (dosai). கல்லிலிருந்து எடுத்துத் தட்டில் போடும் ஒரே ஒரு தோசைக்கு நாம் சொல்லும் பெயர் அங்கே பன்மை!

இதை நான் வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை, தோற்றுக் கற்றுக்கொண்டேன். பல வருஷத்துக்கு முன் சென்னையில் ஒரு போட்டி. எதிரில் கல்லூரி மாணவர் ஒருவர். அவர் வைத்த ‘தோசா’வின் பின்னால் ஒரு ஐ சேர்த்து நான் ‘தோசை’ ஆக்கியிருந்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை என் கையில் ஆர், ஈ, டி, ஏ, ஐ, என், எஸ். ‘ரிடெய்ன்ஸ்’ (retains) என்று ஏழு கட்டையையும் மேலிருந்து கீழாக இறக்கி, கடைசி எஸ்ஸைத் தோசையின் வாலில் சேர்த்தேன். ஏழும் இறங்கினால் 50 புள்ளி கூடுதல், ஆக குறைந்தது 64 புள்ளி. கட்டையை வைக்கும்போதே கை நடுங்கியது. அந்தப் பையன் மெதுவாக ‘சேலஞ்ச்’ என்றான், அந்தச் சொல் செல்லுமா என்று பார்க்கச் சொல்லி. நடுவர் கணினியில் அடித்துப் பார்த்துவிட்டு, செல்லாது என்று தலையை ஆட்டினார். பன்மைக்கு மேல் ஏது பன்மை? ஏழு கட்டையையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கட்டைகளை நிறுத்தி வைக்கும் ரேக்கில் திரும்ப அடுக்கினேன். என் முறையும் போயிற்று, ஆட்டமும் போயிற்று.

பையன் மேல் குற்றமில்லை, நடுவர் மேலும் இல்லை. பட்டியல் சொன்னால் சொன்னதுதான், அதுதான் விதி. ஆனால் பிறந்ததிலிருந்து தோசை சாப்பிடுகிறவள், தோசை ஒருமை என்று நம்பியதற்காகத் தோற்றேன். இது பெருமை என்று நீங்கள் அச்சடித்தால் எனக்கு எப்படி இருக்கும்?

அதே கட்டுரையில், 2021-இல் ஸ்கிராபிளைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் மனிதர்களைப் புண்படுத்தும் சுமார் 400 சொற்களை நீக்கிப் பட்டியலைச் ‘சுத்தம்’ செய்துவிட்டதாகவும் போட்டிருக்கிறீர்கள். நீக்கியது சரிதான், எனக்கு அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பறையர் என்ற நம் ஊர்ச் சாதிப் பெயரை எடுத்து, ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் புழங்கும் ‘பரையா’ (pariah) இன்னும் செல்லுகிற சொல்தான். யாருக்கு வலிக்கும் என்று பார்த்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. சரி, அவர்கள் தூரத்தில் இருக்கிறவர்கள். தமிழ்ப் பத்திரிகை நடத்தும் உங்களுக்குமா தோன்றவில்லை?

அப்புறம், இது ‘மனப்பாட ஆட்டம்’ என்று ஒரு தள்ளுதல். ஸ்கிராபிள் உலக சாம்பியன் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமல் 2015-இல் பிரெஞ்சு உலகப் பட்டத்தையும், 2024-இல் ஸ்பானிஷ் பட்டத்தையும் வென்றது உண்மை. ஆனால் லட்சக்கணக்கான சொற்களைத் தலையில் ஏற்றுவதும், கலைந்து கிடக்கும் ஏழு எழுத்தில் அதில் ஒன்றைச் சில நொடியில் கண்டுபிடிப்பதும் சின்ன விஷயமா? அவர் வென்ற செய்தியை நீங்கள் கடைசிப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் போட்டீர்கள். கிரிக்கெட்டில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் அரைப் பக்கம். குறுக்கெழுத்தையும் ஓசைப்படாமல் நிறுத்தி அந்த இடத்தில் ராசிபலனை நீட்டிவிட்டீர்கள். அதற்காக நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் இன்றுவரை பதில் இல்லை.

இருபத்தெட்டு வருஷம் உங்கள் பத்திரிகையை வாங்குகிற உரிமையில் கேட்கிறேன். அடுத்த ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: பட்டியலில் இருப்பது ‘தோசா’, ‘தோசை’ அதன் பன்மையாகவே அங்கே இருக்கிறது என்று. முடிந்தால் செல்லுபடியாகும் ஈரெழுத்துச் சொற்களையும் மாணவர் பக்கத்தில் ஒருமுறை அச்சிடுங்கள். நூற்றுச் சொச்சம்தான், கால் பக்கம் போதும். என் பேத்தி வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
திருச்சி