சுவர் காய்வதற்குள் சாயம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்குள் தோட்டப்புறக் கோயில்கள் அனைத்துக்கும் புதுச் சாயம் பூசிவிட வேண்டும் என்று வாசகர் ஒருவர் அண்மையில் இப்பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய அக்கறை மதிக்கத்தக்கது. ஆனால் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் 30 ஆண்டுகளுக்கு மேல் பூச்சு வேலையும் சாய வேலையும் பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அவர் குறிப்பிடும் காலம் சுவருக்கு ஆகாத காலம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மலேசியாவின் மேற்குக் கரை மாநிலங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் பிற்பகல் இடிமழை அடித்துப் பெய்கிறது. கோயில் நிர்வாகத்தினரோ அந்த மாதங்களில்தான் பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசி, இரண்டே வாரத்தில் சாயமும் அடித்து முடிக்கச் சொல்கிறார்கள். புதுச் சிமெண்ட் பூச்சு தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே ஈரமும், சுண்ணாம்பைப்போல் அரிக்கும் கடுமையான காரமும் இருந்துகொண்டே இருக்கும். குறைந்தது 28 நாள் விட வேண்டும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. மழை நாளில் அதுவும் போதாது. அவசரப்பட்டு எண்ணெய்ச் சாயம் பூசினால், அந்தக் காரம் எண்ணெயைச் சோப்பாக்கிச் சாயத்தைப் பிசுபிசுக்க வைத்துவிடும். தண்ணீரில் கலக்கும் சாயமானால் கொப்புளம் கட்டும், நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும், உப்புப் பூத்து வெள்ளைப்பொடி உதிரும். அப்போது பழி சாயத்தின் மீதும் பூசியவர் மீதும் விழுகிறதே தவிர, நாள் குறித்தவர் மீது ஒருபோதும் விழுவதில்லை.

ரப்பர் தோட்டக் காலத்துப் பழைய சுவர்களின் கதை இன்னும் வேறு. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் பின்சுவர் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சுமாகக் கட்டப்பட்டது. அடிப்பகுதியில் ஈரம் தெரிகிறதென்று, சென்ற குடமுழுக்கின்போது குத்தகையாளர் ஒருவர் இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசி, அதன்மேல் ரப்பர்போல் இழுபடும் வெளிப்புறச் சாயத்தை மூன்று முறை அடித்தார். தரையிலிருந்து ஏறும் ஈரம் முன்பெல்லாம் சுண்ணாம்பின் வழியாக ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. வழி அடைபட்டதும் அது சிமெண்ட்டைத் தாண்டி மேலே ஏறிவிட்டது. எட்டே மாதத்தில், இடுப்பளவில் இருந்த கறை தலைக்கு மேல் போய், அம்மன் படம் மாட்டியிருந்த இடத்தில் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. குடமுழுக்கு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. அந்தச் சாயம் ஓராண்டுகூட நிற்கவில்லை.

ஈப்போ வட்டாரத்தில் வாழும் நமக்குச் சுண்ணாம்பு புதிய பொருள் அன்று. கல்லுமலையில் முருகன் குடிகொண்டிருக்கும் குன்றே சுண்ணாம்புக் கல்தான். அந்தக் கல்லைச் சுட்டு, நீற்றி, பூசிய பின், காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு அது மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. ஆனாலும் ஈரத்தை வெளியே விடுகிறது. பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்புமே பொருந்தும். வெள்ளையடிக்கும் முன் சுவரைத் தண்ணீர் தெளித்து நனைப்பார்கள் என்பதால், இலேசான ஈரம் அதற்குத் தடையுமில்லை. வேட்டியில் ஒட்டும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருக்கும் என்ற குறைகளை நான் மறைக்கவில்லை. கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணியில் பிள்ளைகள் கையில் சுண்ணாம்பு வாளியைக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்த வேண்டும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

சிமெண்ட் சுவருக்குக் கடைச் சாயம் பூசுவதானால் முதலில் ஒரு முழப் பிளாஸ்டிக் தாளை நான்கு விளிம்பும் அடைபடச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். உட்புறம் நீர் துளிர்த்திருந்தால் சாய டின்னைத் திறக்க வேண்டாம். விரல் மடக்கித் தட்டும்போது பொள்ளலாக ஒலிக்கும் இடங்களைக் கொத்தியெடுக்காமல் மேலே பட்டி பார்ப்பதும் வீண் செலவே.

எங்கள் கோயிலில் இப்போது சிமெண்ட்டைக் கொத்தியெடுத்தாகிவிட்டது. இந்தத் தீபாவளிக்குப் பின்சுவர் செங்கல் தெரிய வெறுமையாகவே இருக்கும். தை மாத வெயிலில் சுண்ணாம்பு பூசலாம் என்று சொல்லியிருக்கிறேன். நிர்வாகத்தில் இருவர் இன்னும் முகம் சுளிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாயத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்.