வைரஸ் மாறியது வேறு, வீரியம் கூடியது வேறு

ஆசிரியருக்கு,

வணக்கம். கொசு பரப்பும் வைரஸ்கள் புது இடங்களுக்குப் போகப் போக 'உருமாறி வீரியம் பெறுகின்றன' என்று தங்கள் இதழில் வந்த கட்டுரை சொல்கிறது. உருமாறுவது உண்மை. வீரியம் கூடியதா என்பது தனியாக நிரூபிக்க வேண்டிய விஷயம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிட்டால் வீண் பீதிதான் மிஞ்சும்.

டெங்கு, ஜிகா, சிக்குன்குனியா மூன்றுமே மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறில் வைத்திருக்கும் வைரஸ்கள், அந்தச் செய்தி முழுவதும் அடங்கிய மரபணுத்தொகுதி ஏறத்தாழ 11,000 எழுத்து நீளம். படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. அதனால் ஒரே நோயாளியின் ரத்தத்திலேயே சற்றே மாறுபட்ட பிரதிகள் ஏராளமாக இருக்கும். ஆனால் மனித உடலில் கைகொடுக்கும் மாற்றம் கொசுவின் உடலில் காலை வாரிவிடலாம். கொசு குடித்த ரத்தத்திலுள்ள வைரஸ்களில் சிலதான் நடுக்குடல் செல்களுக்குள் நுழையும். உமிழ்நீர்ச் சுரப்பி வரை போய்ச் சேர்பவை அதிலும் சில. எது தப்புகிறது என்பது பெரும்பாலும் குருட்டு வாய்ப்பு. தொற்றோடு வந்த ஒரே பயணியிடமிருந்து ஓரூரில் நோய் பரவினால், அவருடைய வைரஸில் இருந்த மாற்றம் அவ்வூர் மாதிரிகள் அத்தனையிலும் இருக்கும். அது அந்த மாற்றத்தின் சாமர்த்தியம் அல்ல.

அப்படியானால் எதை நம்பலாம்? இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் 2005-06இல் நடந்ததைப் பாருங்கள். சிக்குன்குனியா வைரஸின் மேற்பரப்பிலுள்ள ஈ1 புரதத்தில் 226ஆம் இடத்தில் தொடக்க மாதிரிகளில் அலனின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் கட்டுமானத் துண்டு) இருந்தது. பிந்தைய மாதிரிகளில் பெரும்பாலும் வாலின் என்ற வேறொரு அமினோ அமிலம். அத்தீவில் நோயைப் பரப்பிய முக்கியக் கொசு ஏடிஸ் அல்போபிக்டஸ். அந்த ஒற்றை மாற்றத்தை மட்டும் ஆய்வகத்தில் வைரஸுக்குள் புகுத்திப் பார்த்தபோது, அது அல்போபிக்டஸை மிக எளிதாகத் தொற்றியது. இன்னொரு கொசு இனமான ஏடிஸ் எகிப்தியில் அந்த ஆதாயம் இல்லை. இதே மாற்றம் கேரளத்திலும் ஆப்பிரிக்க நாடான காபோனிலும் தனித்தனியே தோன்றியது. மூன்று தடயங்களும் ஒரே திசையைக் காட்டியதால்தான் அதைத் தகவமைப்பு என்கிறோம். அதுவும் கொசுவுக்கான தகவமைப்பு. நோயின் கடுமை பற்றி அது எதுவும் சொல்லவில்லை. சிக்குன்குனியாவின் ஆசிய வகையிலோ ஈ1 புரதத்தின் 98ஆம் இடத்திலுள்ள வேறொரு அமினோ அமிலம் குறுக்கே நிற்பதால், 226இல் வாலின் வந்தாலும் பலன் இல்லை. ஒரு மாற்றத்தைத் தனியே பிடித்து அச்சுறுத்துவது எவ்வளவு தவறு என்பதற்கு இதுவே போதும்.

ஜிகாவில் நேர் எதிர். ஒரு மாற்றம்தான் சிசுக்களின் சிறுதலைப் பாதிப்புக்குக் காரணம் என்று 2017இல் எலி ஆய்வை வைத்துப் பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு தாய்லாந்தில் அந்த மாற்றமே இல்லாத வைரஸ் தொற்றியும் அதே பாதிப்பு பதிவானது.

ஆய்வகத்திலேயே போலித் திரிபுகள் உருவாவதையும் வாசகர்கள் அறிய வேண்டும். வழக்கமாக மரபணுத்தொகுதியை 400 எழுத்து அளவிலான, ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகளாகப் பெருக்குகிறோம். அடுத்தடுத்த துண்டுகள் ஒரே குழாயில் சேராதபடி இரண்டு குழாய்களாகப் பிரிப்போம். சி.டி. மதிப்பு, அதாவது பி.சி.ஆர். சோதனையில் வைரஸ் தென்படத் தேவைப்பட்ட பெருக்கச் சுற்றுகளின் எண்ணிக்கை, 35ஐத் தாண்டிய மாதிரியில் வைரஸ் மிகக் குறைவு. பெருக்கும் முதல் சுற்றுகளில் நேரும் பிழை பெருகிப் 'புதிய திரிபு' போலத் தெரியும். அதே மாதிரியில் ஆர்.என்.ஏ. பிரிப்பதிலிருந்து மறுபடி செய்து, இரண்டிலும் வந்தால்தான் ஏற்க வேண்டும். பெருக்கத்தைத் தொடங்கிவைக்க நாம் சேர்க்கும் குறுந்துண்டான பிரைமர் ஒட்டும் இடத்தைத் தரவிலிருந்து வெட்டி நீக்காவிட்டால், வைரஸின் எழுத்துக்குப் பதில் பிரைமரின் எழுத்து பதிவாகும். படிக்க முடியாத இடத்தை 'என்' (N, எழுத்து தெரியவில்லை என்பதற்கான குறி) என்று விட வேண்டும். முன்பே தெரிந்த வேறொரு வைரஸின் எழுத்து வரிசையைக் கொண்டு நிரப்பவே கூடாது. வீரோ செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கப்படும் குரங்குச் சிறுநீரகச் செல்கள்) பலமுறை வளர்த்த வைரஸ் அந்தச் செல்லுக்கேற்ப மாறிவிடும் என்பதால், நோயாளியின் மாதிரியிலிருந்தே நேரடியாகப் படிப்பது நல்லது.

இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, ரத்தம் எடுத்த தேதியையும் தொற்று ஏற்பட்ட ஊரையும் கேட்டுப் போடுங்கள். இவ்வைரஸ்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து முதல் பத்து எழுத்துகளே மாறி நிலைக்கின்றன. மாதிரி ஆய்வகத்துக்கு வந்த தேதியை எடுத்த தேதியாகப் பதிந்தால் வைரஸ் நுழைந்த காலக்கணக்கு பிசகும். ஆய்வகம் இருக்கும் ஊரைத் தொற்றிய ஊராகப் பதிந்தால் பரவிய பாதையே தலைகீழாகிவிடும்.

இப்படிக்கு,
வைரஸ் மரபணுப் பகுப்பாய்வில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்