முன்பாரம்

கால்கரி, ஆல்பர்ட்டா
செப்டம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நால்வரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நீங்கள் பிரஷர் மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா என்று போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் இங்கே எழுத்திலேயே கேட்டு வைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டிப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன் எதுக்கு டெம்போ வாங்கியிருக்கற?" என்றீர்கள். நான் சொன்ன பதிலில் பாதி உங்கள் காதில் விழவில்லை, மீதியில் லைன் போய்விட்டது. வண்டி விஷயத்தை அரைகுறையாகச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வராது. விவரமாகவே எழுதுகிறேன். அம்மா படித்துக் காட்டட்டும். கணக்கு வரும் இடத்தில் மட்டும் நீங்களே கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் ஒரு டிரெய்லர் வாங்கினோம். நாமக்கல்லில் டிரெய்லர் என்றால் இரும்பு ஏற்றும் நீள லாரி. இது வேறு. 24 அடி நீளத்தில், சக்கரம் வைத்த வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உண்டு. முன்னால் 9 கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டு. என்ஜின் மட்டும் கிடையாது, இன்னொரு வண்டி இழுக்க வேண்டும். பனி விட்டதும் இந்த ஊர்க்காரர்கள் பாதிப் பேர் இப்படி ஒன்றை மாட்டிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். பான்ஃப் என்ற மலை ஊரில் கோடையில் ஹோட்டல் ரூம் வாடகையைச் சொன்னால் அம்மா இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடுவாள். லேக் லூயிஸில் துணிக்கூடாரம் அடிப்பவர்களைக் கரடிக்குப் பயந்து மின்வேலிக்குள் தங்க வைக்கிறார்கள். மனுஷன் வேலிக்குள்ளே, கரடி வெளியே. கெட்டியான சுவர் உள்ள டிரெய்லர் என்றால் தனி இடம் தருகிறார்கள். உங்கள் மருமகள் அதைக் கேட்ட அன்றே முடிவு செய்துவிட்டாள்.

முதலில் எங்களிடம் இருந்த ஏழு சீட்டர் காரிலேயே இழுத்துப் பார்த்தேன். இழுக்கும் என்றுதான் அதன் புத்தகத்தில் போட்டிருந்தது. மே மாதம் ஒரு சனிக்கிழமை, கால்கரியிலிருந்து மேற்கே, ஸ்காட் லேக் மேட்டைத் தாண்டி இறங்கும்போது மலைப்பக்கமிருந்து குறுக்குக் காற்று. பெரிய லாரி ஒன்று முந்திக் கடந்ததும் பின்னால் டிரெய்லர் ஒரு ஆட்டு ஆட்டியது பாருங்கள், ஸ்டியரிங் என் கையில் இல்லாத மாதிரி இருந்தது. அடுத்து வந்த விலக்கில் ஓரம் கட்டினேன். முன்சக்கரத்திலிருந்து கருகிய வாசனை. தொப்பூர் கணவாயில் இறங்கி, அடிவாரத்தில் நின்ற லாரிகளிடம் அடிக்குமே, அதே வாசனை. திரும்பி வந்துவிட்டோம். சின்னவள் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.

அப்புறம்தான் பிக்கப், அதாவது நீங்கள் டெம்போ என்ற அந்தப் பின்தொட்டி வண்டி, தேட ஆரம்பித்தேன். புதிது வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. பழையதில் மூன்று வண்டி பார்த்தேன்.

முதல் வண்டி ஒரு வியாபாரியின் கடையில் நின்றது. கருப்பு நிறம், தோல் சீட், மேலே திறக்கிற கண்ணாடிக் கூரை, கல்யாண மண்டபம் மாதிரி உள்ளே விளக்கு. விற்பவர், "இது 5 டன் இழுக்கும், உன் டிரெய்லர் 3 டன்தானே, பஞ்சு மாதிரி போகும்" என்றார். நானும் கிட்டத்தட்டக் கையெழுத்துப் போடப் போனவன்தான். ஆனால் அதற்கு முந்தின இரவு ஆபீஸில் ஒரு வயசான பஞ்சாபி நண்பர் சொல்லியிருந்தார். டிரைவர் கதவைத் திற, கதவு மூடும் தூணில் டயர் பிரஷர் எழுதின ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், அதைப் படிக்காமல் பணத்தை எடுக்காதே என்று.

திறந்து பார்த்தேன். ஆட்களும் சாமானும் சேர்ந்து 584 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருந்தது.

இப்போது கணக்குக்கு வாருங்கள். அப்பாரு மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்ப்பாரே, இந்த டிரெய்லருக்கும் அதேதான். பின்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். இதில் பின்பாரம் ஆனால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிடும். அதனால் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்பாரமாக பிக்கப்பின் முதுகில் இறங்க வேண்டும். இங்கே அதற்கு நாக்கு எடை என்று பேர். தண்ணீர், கேஸ், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் ஏற்றின பிறகு எங்கள் டிரெய்லர் 2,860 கிலோ. அதில் 13 சதவீதம் என்று வையுங்கள், 370 கிலோ முன்பாரம். நாங்கள் நால்வரும் சேர்ந்து 216. மாட்டுகிற கொக்கியும் அதன் இரும்புத் தண்டுகளும் 40. பின்தொட்டியில் விறகு, ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர் என்று 90. கூட்டினால் 716. வண்டி தாங்குவதோ 584. அந்த 5 டன் பேச்செல்லாம் எதற்கு ஆகும்? இழுக்கத் தெம்பு இருக்கிறது, முதுகுதான் இல்லை.

ஏன் முதுகு இல்லை தெரியுமா? அந்தத் தோல் சீட்டும் கண்ணாடிக் கூரையும் பெரிய சக்கரமும் தின்றுவிட்டன. வண்டிக்கு மொத்த எடை இவ்வளவு என்று கம்பெனி நிர்ணயித்துவிடுகிறது. சொகுசு ஏற ஏற, சுமக்க மிச்சம் இருப்பது குறைகிறது. ஒரே வருடம், ஒரே பெயர், ஒரே என்ஜின் உள்ள இரண்டு பிக்கப்களுக்குள் 200 கிலோவுக்கு மேல்கூட வித்தியாசம் வரும். அந்த வியாபாரியிடம் ஸ்டிக்கரைக் காட்டினேன். "அதையெல்லாம் இங்கே யாரும் பார்ப்பதில்லை" என்று சிரித்தார். ஓவர்லோடு ஏற்றச் சொல்லும் ஆள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் சிரிப்பான் போலிருக்கிறது.

இரண்டாவது, டீசல். உங்கள் முகம் மலர்வது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. முக்கால் டன் பிக்கப் என்று சொல்கிறார்கள். பேர்தான் முக்கால் டன், அதற்கு மேலேயே சுமக்கும். சத்தம் கேட்டதும் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் நான் வாரத்தில் ஐந்து நாளும் 9 கிலோமீட்டர் ஆபீஸுக்குப் போய் வருபவன். டீசல் புகையை வடிகட்டும் டப்பா சூடேறிச் சுத்தமாக நீண்ட ஓட்டம் வேண்டும். மைனஸ் 25இல் சின்னச் சின்ன ஓட்டம் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். நம் ஊர் பி.எஸ்.6 லாரிகளுக்கு ஊற்றுகிறார்களே, புகையைச் சுத்தமாக்கும் அந்த ஆட்ப்ளூ திரவமும் ஊற்ற வேண்டும். இன்ஜெக்டர் போனால் இரண்டு மாத வீட்டு வாடகை போச்சு. இதையெல்லாம்கூடச் சகித்திருப்பேன். அடியில் படுத்துப் பார்த்தபோது சேஸிஸ் அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. கிழக்கு மாகாணங்களில் ஓடிய வண்டி. குளிர்காலத்தில் அங்கே ரோட்டில் உப்பை வாரிக் கொட்டுகிறார்கள், இரும்பைத் தின்றுவிடும். மேலே புதுப் பெயிண்ட், அடியில் துரு. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவதுதான் நீங்கள் போட்டோவில் பார்த்தது. 2016 ஃபோர்டு எஃப் 150. ஐந்து லிட்டர் வி8 பெட்ரோல் என்ஜின், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், 1,68,000 கிலோமீட்டர் ஓடியது. வெள்ளை நிறம், துணி சீட். இந்த மாடலுக்கு 2015இலிருந்து பாடி அலுமினியம், சேஸிஸ் மட்டும் இரும்பு. ஓய்வு பெற்ற தம்பதி வைத்திருந்தார்கள், அவர்களும் டிரெய்லர் இழுத்தவர்கள்தான். ஸ்டிக்கரில் 822 கிலோ. என் கணக்குப் போக நூறு கிலோ மிச்சம். உள்ளே பார்த்தால் வாடகை வண்டி மாதிரிதான் இருக்கும், உங்கள் மருமகளுக்குப் பிடிக்கவே இல்லை.

நீங்கள் பழைய லாரி பார்க்கப் போகும்போது என்னைக் கூட்டிப்போவீர்களே, அதே மாதிரி பார்த்தேன். நான் வருவதற்குமுன் ஸ்டார்ட் பண்ணி வைக்காதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். போனதும் பானட்டில் உள்ளங்கையை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. குளிர்ந்த என்ஜின்தான் பொய் சொல்லாது என்பீர்கள். ஸ்டார்ட் ஆனதும் கடகடப்பு எதுவும் இல்லை, புகை இல்லை. டயரில் 3521 என்று இருந்தது, 2021ஆம் வருடம் 35ஆம் வாரம் செய்தது. டிரெய்லர் கொக்கி மாட்டும் இரும்புச் சட்டத்தில் பூட்டு ஊசி போகும் ஓட்டை முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தேன். வட்டமாகவே இருந்தது. கிரவுன் பினியன், அதான் பின் அச்சின் பல்சக்கர விகிதம், 3.55. இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள், எனக்கும் தெரியும்.

இங்கே ஒரு வசதி. ஊர்பேர் தெரியாத மெக்கானிக்கிடம்கூட 150 டாலர் கொடுத்தால் வண்டியை மேலே தூக்கிப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிடுவார். பின் ஷாக் அப்சார்பர் ஒன்று கசிகிறது என்றார், அதைச் சொல்லி விலையில் 400 குறைத்தேன். வண்டி மேல் ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்று ரெஜிஸ்ட்ரி கடையில் பார்த்துக்கொண்டேன், பாக்கி இருந்தால் வாங்கினவன் தலையில் விடியும். 21,800 டாலரில் முடிந்தது. ஆல்பர்ட்டாவில் ஆளிடம் நேராக வாங்கினால் வரி கிடையாது. இன்னொன்று கேளுங்கள், இங்கே நம்பர் பிளேட் வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். பெரியவர் விற்ற கையோடு ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்து பிளேட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மொட்டை வண்டியைப் பார்த்தபடி நின்றேன்.

முதல் தடவை டிரெய்லரை மாட்டியபோது பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி மூக்கு மேலே போய்விட்டது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் முன்சக்கரத்தைத் தூக்குமே, ஆளை பானட் மேல் உட்கார வைப்பார்களே, அந்த மாதிரி. இங்கே ஆளை உட்கார வைப்பதில்லை. கொக்கியிலிருந்து இரண்டு இரும்புத் தண்டு பின்னோக்கிப் போகிறது, அதைச் சங்கிலி போட்டு இழுத்து டிரெய்லர் சட்டத்தில் மாட்டினால் பாரத்தில் ஒரு பங்கை முன்சக்கரத்துக்கே தள்ளிவிடும். லாரிகள் நிற்கும் இடத்தில் எடை மேடை ஒன்று இருக்கிறது, அச்சுக்கு அச்சு தனித்தனியாக எடை காட்டும். மாட்டுவதற்குமுன் முன் அச்சில் 1,370 கிலோ. டிரெய்லரை மாட்டினதும் 1,250. தண்டைப் போட்டதும் 1,330. சங்கிலியில் ஒரு கண்ணி மேலே ஏற்றிப் போட்டேன், 1,340. அதோடு விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் கோல்டன் என்ற ஊர் வரைக்கும் போய் வந்தோம். வழியில் கிக்கிங் ஹார்ஸ் கணவாய், 1,627 மீட்டர் உயரம். அதற்கு மேற்கே இறக்கம். அந்த இடத்தில் ரயில் பாதை முதலில் நேராக இறங்கியதாம், 4.5 சதவீதச் சரிவு. வண்டிகள் பிடிபடாமல் ஓடிவிடும் என்று பயந்து, தப்பின வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தத் தனித் தண்டவாளம் போட்டு வைத்திருந்தார்கள். பிறகு 1909இல் மலைக்குள் இரண்டு சுருள் சுரங்கம் குடைந்து சரிவைப் பாதியாகக் குறைத்தார்கள். நீளமான சரக்கு ரயில் என்றால் அதன் தலை ஒரு வாயில் வெளியே வரும்போது வால் இன்னொரு வாயில் உள்ளே போய்க்கொண்டிருக்கும். பெரியவன் பெட்டிகளை எண்ணினான், 140க்கு மேல் விட்டுவிட்டான்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது ரோட்டை. பெங்களூர் லோடு ஏற்றிவந்த ராத்திரிகளில் தொப்பூரில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் வண்டிகளைக் காட்டி, "ஏறாத வண்டி நின்னு போகும், அவ்வளவுதான். நிக்காத வண்டிதாங் கண்ணு ஆளைத் திங்கும்" என்பீர்கள். இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே இழுவைப் பொத்தானை அழுத்தி மூன்றாம் கியருக்கு இறக்கிவிட்டேன். என்ஜின் அலறியது. உங்கள் மருமகள், "வண்டிக்கு என்னமோ ஆகுது" என்று கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை, வண்டியைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சத்தம்தான். பிரேக்கை அங்கங்கே தொட்டுத் தொட்டு விட்டதோடு சரி. டேஷ்போர்டில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க ஒரு சின்ன லீவர் இருக்கிறது. பின்னால் ஆடினால் காலை வைக்காமல் கையால் அதை அமுக்க வேண்டும், டிரெய்லர் நேராகிவிடும். ஒரு லாரி கடந்தபோது விரலை அதன்மேல் வைத்திருந்தேன், தேவைப்படவில்லை.

மைலேஜ் கேட்பீர்கள். இழுக்கும்போது லிட்டருக்கு நாலே முக்கால். அதுவும் பெட்ரோலில். உங்கள் டாரஸ் லாரி பாரத்தோடு தந்ததற்கு மேல் ஒன்றும் பிரமாதமில்லை.

ஒரு தப்பும் நடந்தது, மறைக்கவில்லை. கோல்டனில் டிரெய்லரைக் கழற்றும்போது சக்கரத்துக்குக் கட்டை வைக்க மறந்துவிட்டேன். கொக்கி விடுபட்டதும் அது ஒரு முழம் பின்னால் போய்ப் பெரிய கல்லில் முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை, பின் பம்பரில் ஒரு நெளிவு. லீவு நாளில் உங்களோடு லாரியில் வரும்போது எனக்கு இருந்த ஒரே வேலை கட்டை போடுவதுதான். அதை மறந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

இங்கே விற்கும் பிளாஸ்டிக் கட்டை மழையில் வழுக்குகிறது. நம் வீட்டுத் திண்ணைக்கு அடியில் கயிறு கட்டின வேலமரக் கட்டை இரண்டு கிடக்குமே, கரையான் அரிக்காமல் இருக்கிறதா பாருங்கள். மரத்தைக் கொண்டுவர ஏர்போர்ட்டில் விடமாட்டார்கள். அதன் நீளம், அகலம், சாய்வு மூன்றையும் அளந்து அனுப்புங்கள், இங்கே ஒரு தச்சரிடம் கொடுத்து அறுத்துக்கொள்கிறேன். கயிறு எந்தப் பக்கம், எவ்வளவு உள்ளே தள்ளி ஓட்டை போட்டிருக்கிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்