பியூஸ் போன சி.எஃப்.எல். பல்பை உடைக்காமல் கொண்டுவாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கடைக்குள் எரியும் இரண்டடி டியூப் லைட்டைப் பார்த்து, "சோக் எங்கே, ஸ்டார்ட்டர் எங்கே?" என்று பலர் கேட்கிறீர்கள். டியூபைத் தாங்கும் பட்டிக்குள் இரண்டுமே இல்லை. செத்துப்போன 23 வாட் சி.எஃப்.எல். (வளைந்த குழாய்) பல்பு ஒன்றின் சர்க்யூட் போர்டில்தான் அது எரிகிறது.

பல்பு போய்விட்டது என்று நீங்கள் வீசும்போது, பல சமயம் போயிருப்பது கண்ணாடிக் குழாய் மட்டும்தான். உள்ளே பிலமெண்ட் அறுந்திருக்கும். அடியில் இருக்கும் போர்டு ஒரு முழு எலக்ட்ரானிக் சோக். 230 வோல்ட்டை டிசி ஆக்கி, இரண்டு டிரான்சிஸ்டர் வழியாக நொடிக்கு 30,000, 40,000 தடவை மாற்றிக் குழாய்க்குக் கொடுக்கும். அதனால் மினுக்கல் இருக்காது, இரைச்சல் இருக்காது. பழைய செப்புச் சோக் தானே 10 வாட்டுக்கு மேல் சூடாக்கித் தீர்க்கும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் டியூப் கண்ணடித்துக்கொண்டே கிடக்கும்.

போர்டு கிடைத்ததும் அப்படியே உங்கள் டியூப் லைட்டில் சோக்குக்குப் பதிலாக மாட்டிவிடுவதில்லை. தலைகீழாகத் தொங்கிய பல்பு என்றால் சூடெல்லாம் மேலே ஏறி போர்டை வறுத்திருக்கும். முதலில் காய்ந்துபோவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் 400 வோல்ட் கெப்பாசிட்டர்தான். அது உப்பியிருந்தால் புதிது போடுகிறோம். அப்புறம், போர்டிலிருந்து வரும் நாலு வயரில் ஜோடி மாறக்கூடாது: ஒரு பிலமெண்டின் இரண்டு வயரும் டியூபின் ஒரே முனைக்குத்தான் போகவேண்டும்.

வாட் கணக்கில் பிடிவாதமாக இருப்போம். இரண்டடி 20 வாட் டியூபுக்கு 20 முதல் 23 வாட் பல்பின் போர்டு. நாலடி டியூபுக்கு 36 வாட் பெரிய பல்பின் போர்டு. ஆரம்பத்தில் நாங்களே ஆசைப்பட்டு 15 வாட் போர்டில் நாலடி டியூபை மாட்டினோம். எரிந்தது, மங்கலாக. கொஞ்ச நாளில் டியூபின் இரண்டு முனையும் கருத்துவிட்டன, கடைசியில் டிரான்சிஸ்டரும் வெடித்தது. அந்தச் செலவு எங்களோடு போகட்டும்.

பிலமெண்ட் அறுந்த டியூபின் பின்களை வயரால் சேர்த்து எரிய வைத்துத் தரும்படி சிலர் கேட்கிறீர்கள். எரியும்தான். ஆனால் அந்த முனை கொதிக்கும், போர்டும் சீக்கிரம் போகும். செய்ய மாட்டோம். குளியலறைக்கும் வெளித் திண்ணைக்கும் இந்த வேலை கிடையாது.

புதிதாகப் பட்டி வாங்கப் போகிறவர்களுக்கு எல்இடிதான் சரி, அதில் சந்தேகமே இல்லை. நல்ல டியூபும் பட்டியும் வீட்டில் இருந்து, சோக் மட்டும் போனவர்களுக்குத்தான் இது லாபம்.

வீட்டில் நீங்களே பிரித்துப் பார்க்காதீர்கள். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். குழாய்க்குள் சில மில்லிகிராம் பாதரசமும் உண்டு. தப்பித்தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் வெளியே இருங்கள். பிறகு கெட்டி அட்டையால் வாரிப் பாட்டிலில் மூடிவையுங்கள், துடைப்பம் வேண்டாம்.

உடையாத பல்புகளைப் பழைய துணியில் சுற்றி எடுத்துவாருங்கள். மல்டிமீட்டர் வைத்து எதிரிலேயே பார்த்துச் சொல்கிறோம். பார்ப்பதற்குக் காசு இல்லை. சனிக்கிழமை மட்டும் கூட்டம், மற்ற நாளில் வந்தால் காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கடைக்காரர்