அவசரப்பட்டு ஐஸ்ல இறக்காதே

அன்புள்ள முரளி,

மன்னார்குடியில எல்லாரும் சௌக்கியம். சம்பா நட்டாச்சு, மழை விட்டபாடில்ல, வடிகால்தான் கவலை. பெரியவர் உன்னை விசாரிச்சார், வழக்கமான வசவோட.

ஐஸ் ஹாக்கியில பையன் உள்தொடை இழுத்துக்கிட்டான்னு சொன்னியே, அந்த விஷயத்துக்கு வரேன். அந்த ஆட்டத்துல இது சகஜம். பக்கவாட்டுல உதைச்சுத் தள்ளின காலை நிறுத்தி உள்ளே கொண்டுவர்றது அந்தத் தசைதான். நீண்டுக்கிட்டே இழுத்துப் பிடிக்கணும். அங்கதான் நார் விடுது. என்ஹெச்எல்ங்கிற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக் ஆட்டக்காரர்களை வச்சு 2001ல ஒரு ஆய்வு வந்தது. உள்தொடை பலம், இடுப்போட வெளித்தசை பலத்துல 80 சதவீதத்துக்குக் கீழ இருந்தவங்களுக்கு இந்தக் காயம் வர வாய்ப்பு 17 மடங்காம். அதனால 'வலி போச்சுப்பா'ன்னு அவன் சொன்னா நம்பாதே, உன் பிள்ளைதானே! வலி சீக்கிரம் போயிடும், பலம் நிதானமாத்தான் வரும். அந்த இடைவெளியில இறங்கினா மறுபடி கிழியும்.

முதல் சில நாள் ஸ்ட்ரெச் வேணாம், அம்மாவோட தைலத்தைப் போட்டு உருவவும் வேணாம். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, நடுவுல ஃபுட்பால் வச்சு 5 செகண்ட் அமுக்கணும், 10 தடவை. வலி பத்துக்கு ரெண்டைத் தாண்டினா அழுத்தத்தைக் குறைக்கணும். அது சுலபமானதும் ரப்பர் பேண்ட் கட்டி காலை உள்பக்கம் இழுக்கிறது. அப்புறம் கோபன்ஹேகன் பயிற்சி: ஒருக்களிச்சு முழங்கையை ஊன்றி, மேல்காலை பெஞ்சுல வச்சு அமுக்கி இடுப்பைத் தூக்கணும். முதல்ல முட்டி பெஞ்சுல இருக்கட்டும். எடுத்த எடுப்புல கணுக்காலை வச்சா சுமை எகிறிடும், பசங்க கெடுத்துக்கிறதே இங்கதான்.

ஐஸ்ல முதல்ல நேர்கோட்டில மெதுவா. கிராஸ்ஓவர் (காலுக்கு மேல கால் போட்டுத் திரும்புறது), சடன் ஸ்டாப் பிறகு. மோதல் இல்லாத பிராக்டிஸ், கடைசியா மேட்ச். அதுக்கு முன்னாடி பிசியோவை உள்தொடை, இடுப்பு வெளித்தசை ரெண்டையும் டைனமோமீட்டர்ல (தசை பலம் அளக்கிற கருவி) அளக்கச் சொல்லி நம்பரைக் கேளு.

ஐஸைச் சுத்தி இருக்கிற தடுப்புப் போர்டுல இடிச்சப்போ தலை கிறுகிறுத்துச்சுன்னு போற போக்குல சொன்னியே, எனக்கு அதுதான் உறுத்துது. அடிபட்டதும் கிறுகிறுப்பு, குமட்டல், மறதி எது வந்தாலும் அன்னிக்கு ஆட்டம் அவ்வளவுதான். ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்கறதை முழுசா தடுக்காது. முதல் ரெண்டு நாள் ஓய்வு, லேசா நடக்கலாம், போனைக் குறைக்கணும். திரும்ப ஆட ஆறு படி, படிக்கு 24 மணி நேரமாவது ஆகும். மோதலுக்கு முன்னாடி டாக்டர் சம்மதம் வேணும். தொடை ஆறினாலும் இது தீராம ஐஸ் கிடையாது. வாந்தி நிக்கலன்னாலோ, தலைவலி ஏறிக்கிட்டே போனாலோ, எழுப்ப முடியலன்னாலோ நேரா எமர்ஜென்சிக்குப் போ.

இப்பவும் தலை வலிக்குதான்னு அவங்கிட்ட கேட்டு இன்னிக்கே எனக்கு வாட்ஸ்அப் பண்ணு. பாமணி ஆத்துப் பாலத்துச் சங்கதி அவனுக்குத் தெரியாதுல்ல?

சேகர்