நைனிதால் போய் வந்தேன்

அன்புள்ள சுந்தரம்,

முட்டி அறுவை நல்லபடியாக முடிந்தது என்று உன் கடிதத்தில் படித்ததும்தான் நிம்மதி. மாடிப்படி ஏற அவசரப்படாதே. நான் ஊரில் இல்லை, அதனால்தான் பதில் தாமதம். டெல்லியில் மகள் வீட்டுக்குப் போனவர்கள், அப்படியே இரவு ரயிலில் மலையடிவாரத்து காத்கோதாம் போய், உத்தராகண்ட் மலையூரான நைனிதாலுக்கு ஏறிவிட்டோம். கடைசி முப்பத்தைந்து கிலோமீட்டரும் வளைவுதான். கமலா இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

ஊரே சுற்றி இருக்கும் நைனிதால் ஏரி கிட்டத்தட்ட 1,940 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூன்று பக்கமும் மலை. மேல்முனை மல்லிதால், கீழ்முனை தல்லிதால், இரண்டையும் இணைப்பது மால் ரோடு. மல்லிதாலில் ஃபிளாட்ஸ் என்று ஒரு மைதானம். நான் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு பையன்கள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு பகுதி மலையிலிருந்து சரிந்து வந்த மண் என்று அப்புறம்தான் தெரிந்தது.

1880 செப்டம்பர் 18. விடாத மழைக்குப் பிறகு சரிவு பெயர்ந்து வந்து ஒரு ஹோட்டலை மூடியது. புதைந்தவர்களை மீட்கப் போனவர்கள் மேலேயே அடுத்த சரிவு. மொத்தம் 151 பேர் இறந்தார்கள். நைனா தேவி கோயிலும் போயிற்று. இப்போது நாம் கும்பிடுவது பிறகு கட்டியது. புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் அந்த ஊரில் பிறந்தவர். அப்போது அவருக்கு ஐந்து வயது.

அதற்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் மலைச்சரிவு முழுக்க வடிகால்கள் கட்டினார்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்கிச் சரிவை இளக்காமல் நேரே ஏரிக்கு ஓடிவிட வேண்டும் என்பது கணக்கு. நீ உடன் வந்திருந்தால் கோயிலை விட்டுவிட்டு அந்தக் கல்வாய்க்கால்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய். பொதுப்பணித் துறைக்காரன் புத்தி போகுமா? ஆனால் இன்றைக்கு அதே வாய்க்கால் வழியாகத்தான் குப்பையும் ஏரிக்கு இறங்குகிறது. ஆழத்தில் பிராணவாயு இல்லாமல் போய், 2007 முதல் ஏரிக்கு அடியில் குழாய் போட்டுக் காற்று செலுத்துகிறார்கள். படகுக்காரர் துடுப்பை நிறுத்தி, குமிழி கிளம்பும் இடத்தைக் காட்டினார். எனக்கு ஆஸ்பத்திரி வார்டு ஞாபகம் வந்தது. உன்னிடம் இதைச் சொல்லக் கூடாதுதான்.

பனிமலைகளைப் பார்க்கும் இடமான ஸ்னோ வியூவுக்கு முதல் நாள் ரோப் காரில் போனோம். மேகம்தான் தெரிந்தது, பனியைக் காணோம். கமலா விடவில்லை. மறுநாள் விடிந்ததும் டாக்ஸி பிடித்துப் போனோம். திரிசூல் சிகரம் தெரிந்தது, நந்தா தேவி சிகரமும் தெரிந்தது. 7,816 மீட்டர்! அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் ஏதோ செய்தது, காட்டிக்கொள்ளவில்லை.

பக்கத்து ஏரிகளான பீம்தால், சாத்தால் எல்லாம் ஒரே நாளில் ஓட்டமாக ஓடிப் பார்த்தோம். சாத்தாலில் மட்டும் இரண்டு நாள் தங்கியிருக்கலாம். ஓக் மரக் காடும் பறவைச் சத்தமும்தான், கூட்டம் குறைவு. நீம் கரோலி பாபா ஆசிரமமான கைஞ்சி தாமில் வரிசையைப் பார்த்துவிட்டு வெளியிலிருந்தே கும்பிட்டுத் திரும்பினோம்.

அல்மோரா பக்கத்து பால் மிட்டாய் உனக்கென்று ஒரு டப்பா வாங்கினேன். பால்கோவாவைக் கருகும் பதத்துக்கு வறுத்து, மேலே வெள்ளைச் சர்க்கரை உருண்டை ஒட்டியிருப்பார்கள். பாதிதான் மிச்சம். தடியை ஊன்றிக்கொண்டு நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் எழுது, மீதியோடு நானே வருகிறேன்.

அன்புடன்,
ராமு